உயிர்வளியும் உரைகல்லும்

‘புற்றுநோய்க்கு உயிர்வளியே அருமருந்து. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று மெய்ப்பித்துவிட்டது. மருந்து முதலாளிகள் மறைக்கிறார்கள். உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.’

இத்தகைய செய்தியொன்று நம் தமிழாசிரியர்களின் புலனக் குழுக்களில் ஆண்டுக்கு இரண்டு முறையேனும் உலா வருகின்றது. எவரோ எழுதி எவரோ அனுப்பியது. வந்த வழியே போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அதன் கீழே ‘நன்றி ஐயா’, ‘மிகவும் பயனுள்ள தகவல்’, ‘பெற்றோர் குழுவிலும் பகிர்ந்துவிட்டேன்’ என்று கைகூப்பிய படங்களுடன் வரிசை வரிசையாக விடை எழுதுவோர் யாவர்? அன்று காலைதான் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு அறிவியல் செயற்பாங்குத் திறனைக் கற்பித்துவிட்டு வந்த ஆசிரியப் பெருமக்கள்!

அதே குழுக்களில் இன்னொரு குரலும் ஒலிக்கக் கேட்கிறோம். ‘சாகக் கிடக்கும் நோயாளியை எலியைப்போல் வைத்துச் சோதனை செய்கிறார்களே, இது என்ன மருத்துவம்? மருந்து நல்லதென்றால் எல்லார்க்கும் கொடுக்க வேண்டும். கெட்டதென்றால் எவர்க்கும் கொடுக்கலாகாது. பாதிப் பேருக்குக் கொடுத்துப் பாதிப் பேருக்கு மறுப்பது அறமாகுமா?’ முதற்குரல் மயக்கத்தின் குரல். இரண்டாவது இரக்கத்தின் குரல். ஒன்றுக்கொன்று பகைபோலத் தோன்றினும் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதே என் வழக்கு. சோதித்துப் பாராமலே விடை தெரிந்துவிட்டதென்று இரண்டும் நம்புகின்றன. இரண்டனுள் எது மிகுந்த கேடு செய்தது என்று கேட்டால், வரலாறு இரக்கத்தின் பக்கமே கை நீட்டுகிறது. அதனைப் பின்னர்க் காண்போம்.

முதலில், அந்தச் செய்திக்குப் பின்னால் உண்மையில் நடந்தது என்ன என்று பார்ப்பது கடன். செய்தியை எழுதியவர் அந்த ஆய்வைப் படித்திருக்க மாட்டார் என்று துணிந்து கூறலாம். படித்திருந்தால் அவ்வாறு எழுத அவருக்குக் கை எழும்பியிராது.

இரத்தப் புற்றுநோய் என்று நாம் பொதுவாகச் சொல்வது, குருதியணுக்கள் பிறக்கும் இடமாகிய எலும்பு மச்சையையோ நிணநீர் மண்டலத்தையோ பற்றும் பல நோய்களின் தொகுதியாகும். அவற்றுட் சிலவற்றுக்கு, வலிய மருந்துகளாலோ கதிர்வீச்சாலோ நோயுற்ற மச்சையை அழித்துவிட்டு, நலமுள்ள ஒருவரின் குருத்தணுக்களை, அதாவது நாளேடுகள் ‘ஸ்டெம் செல்’ என்று எழுதுபவற்றை, நோயாளியின் குருதிக்குழாய் வழியே செலுத்துவது இன்று நிலைபெற்ற மருத்துவம். இத்துறையில் 1950களிலிருந்து உழைத்த அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸ் 1990இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். எனவே, குருத்தணு மாற்று என்பது சந்தைக் கூச்சலன்று. பல்லாயிரவரை வாழவைத்த முறை.

ஆயினும் அதற்குக் கொடையாளி வேண்டும். உடன்பிறந்தார் ஒருவரின் திசு முற்றும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. குடும்பத்தில் கிடையாதபோது பதிவகங்களில் தேட வேண்டும். அங்கேயும் எல்லா இனத்தார்க்கும் ஒரே வாய்ப்பில்லை. 2014இல் வெளியான அமெரிக்கக் கணக்கீடொன்று, ஐரோப்பிய வழியினர் நூற்றுவருள் 75 பேருக்குப் பதிவகத்தில் முற்றும் பொருந்தும் கொடையாளி கிடைக்கக்கூடும் என்றும், கறுப்பினத்தாருள் ஒரு பிரிவினர்க்கு அந்த எண் 16 என்றும் கண்டது. இந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப வந்ததே தொப்புள்கொடிக் குருதி. 1988இல் பாரிஸ் நகரின் செயிண்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மன் அம்மையார் தலைமையிலான குழு, ஃபான்கோனி குருதிச்சோகை என்னும் பிறவி நோயுற்ற சிறுவனுக்கு, அவனுடைய புதிதாய்ப் பிறந்த தங்கையின் தொப்புள்கொடிக் குருதியைச் செலுத்தி அவனைக் காத்தது. குழந்தை பிறந்ததும் வீசியெறியும் கொடியிலிருந்து ஓர் உயிர்! கொடிக்குருதிக்குத் திசுப் பொருத்தம் சற்றுக் குறைந்தாலும் உடல் ஏற்கும் என்பது அதன் தனிச்சிறப்பு.

அதன் குறையோ, அளவு. ஒரு கொடியில் கிடைக்கும் குருத்தணுக்கள், வளர்ந்த ஒருவரின் மச்சையிலிருந்து எடுப்பனவற்றில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. இரப்பர்த் தோட்டத்தில் கன்றுக்கு ஒட்டுக் கட்டிய நம் முன்னோர் அறிவர்: கட்டியவுடனே ஒட்டுப் பிடித்துவிடாது, பிடிக்கும்வரை கண்ணுறக்கமில்லை. இங்கேயும் அவ்வாறே. புதிய குருத்தணுக்கள் மச்சையை அடைந்து வேரூன்றி வெள்ளணுக்களைப் பெருக்கும்வரை நோயாளிக்குக் காவற்படையே இல்லை. அந்த வாரங்களில், நமக்கு ஒரு தும்மலோடு போகும் கிருமி அவரைக் கொன்றுவிடக்கூடும். கொடிக்குருதி பெற்றவர்க்கு இந்த வாரங்கள் நீள்கின்றன.

அமெரிக்காவின் கேன்சஸ் பல்கலைக்கழக மருத்துவர் ஒமர் அல்ஜிதாவியும் அவருடைய குழுவினரும் எழுப்பிய வினா இந்த இடத்திற் பிறந்தது. சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொயட்டின் என்னும் சுரப்பு, குருத்தணுக்களின் மேற்பரப்பைத் தொட்டு அவற்றைச் செவ்வணுவாகும் திசைக்கு இழுக்கிறது; மச்சையை நோக்கிய அவற்றின் பயணத்தைத் தடுக்கிறது. அந்தச் சுரப்பைச் சில மணி நேரம் தாழ்த்திவிட்டால் குருத்தணுக்கள் தடையின்றி வீடு சேருமா? தாழ்த்துவது எப்படி? உடலில் உயிர்வளி குறைந்தால் சிறுநீரகம் அதனை மிகுதியாய்ச் சுரக்கும். உயிர்வளி மிகுந்தால் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே, எலிகளில் பார்த்த பின்னர், மாற்று நிகழும் நாளில், குருத்தணுக்களைச் செலுத்துவதற்கு முன்னர், நோயாளியை அழுத்த அறையில் வைத்து, வளிமண்டலத்தைப்போல் 2.5 மடங்கு அழுத்தத்தில் தூய உயிர்வளியை மூச்சாகக் கொடுத்தனர். அவ்வாறு பெற்றவர் 15 நோயாளிகள். 2016இல் ‘பிளட்’ என்னும் குருதியியல் ஆய்விதழில் முடிவு வெளிவந்தது. நோயாளிகள் அம்முறையைத் தாங்கிக்கொண்டனர். சுரப்பு சிறிது நேரம் குறைந்தது. ஒட்டுப் பிடித்த விகிதமும் விரைவும் ஊக்கமளிப்பனவாய் இருந்தன. இவ்வளவே அவர்கள் சொன்னது.

புலனச் செய்தி என்ன சொல்கிறது? ‘உயிர்வளி புற்றுநோயைக் கொல்லும்’ என்கிறது. கேன்சஸில் உயிர்வளி எந்தப் புற்றணுவோடும் போரிடவில்லை. நோயை எதிர்த்தவை அதற்கு முன்னர்க் கொடுத்த கடுமையான மருந்துகள். உயிர்வளி செய்தது, ஒரு சுரப்பைச் சில மணி நேரம் அமைதிப்படுத்தியது. திருமணத்தன்று வாசலிற் போக்குவரத்தைச் சீர்செய்தவரை மணமகன் என்று ஊர் முழுதும் பறையறைந்தாற்போன்றது இச்செய்தி.

இந்த மயக்கத்துக்குச் சொல்லும் ஒரு காரணம் என்பதைத் தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் பாடநூல்கள் ‘உயிர்வளி’ என்கின்றன. அதற்கு முந்திய தலைமுறை ‘பிராணவாயு’ என்றது. அழகிய பெயர், பொருள் பொதிந்த பெயர். நானும் வகுப்பில் அதையே ஆள்கிறேன், ஆள்வேன். ஆனால் உயிர் என்னும் முன்னொட்டைக் கேட்டவுடன் நம் மனம் அறிவியலை விட்டுப் பத்திமைக்குத் தாவிவிடுகிறது. உயிரைத் தருவது எப்படி உயிரைக் கெடுக்கும் என்று கேட்கத் தொடங்குகிறோம். இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. பிரெஞ்சு அறிஞர் லவாய்சியே அதற்கு இட்ட ‘ஆக்சிஜன்’ என்னும் பெயருக்கு ‘அமிலம் பிறப்பிப்பது’ என்று பொருள். எல்லா அமிலங்களிலும் அது உண்டென்று அவர் நம்பினார். அந்நம்பிக்கை பின்னர்ப் பிழையெனத் தெரிந்தது. பெயரைக் கொண்டு பொருளின் குணத்தை முடிவு செய்வோர் எம்மொழியிலும் வழுக்கி விழுவர்.

உயிர்வளியும் மருத்துவமும் சேர்ந்த வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில், ‘நல்லதைக் கொடுப்பதற்குச் சோதனை எதற்கு?’ என்று கேட்போர்க்கு இதனினும் கடிய மறுமொழி வேறில்லை.

1940களில் மேலைநாட்டு மருத்துவமனைகள் குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துக் காத்தன. மூச்சுத் திணறும் சின்னஞ்சிறு உயிர். அருகில் உயிர்வளிக் குழாய். எந்தத் தாயுள்ளம் சும்மா இருக்கும்? தாராளமாகக் கொடுத்தார்கள். குழந்தைகள் பிழைத்தன. சில மாதங்களில் அவற்றுட் பலவற்றின் விழித்திரை சுருங்கிக் கண்கள் முற்றாக அவிந்தன. 1942இல் பாஸ்டன் நகரில் இந்நோய் முதன்முதல் விவரிக்கப்பட்டது. வசதி மிகுந்த மருத்துவமனைகளிலேயே இந்நோய் மிகுந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வையிழந்தனர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. 1950இல் குறைமாதத்திற் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டரும் அவருள் ஒருவர்.

1951இல் மெல்பர்ன் மருத்துவர் கேட் கேம்பல் அம்மையார் உயிர்வளியின்மீது ஐயம் எழுப்பினார். அதே காலத்தில் வாசிங்டன் நகர மருத்துவமனையொன்றில் ஒரு குழந்தைக்கு மிகுதியாகவும் அடுத்த குழந்தைக்குக் குறைவாகவும் கொடுத்து ஒப்பிட முனைந்தனர். அங்கே நடந்ததைக் கேளுங்கள். குறைவாகப் பெறும் குழந்தைகள்மீது இரக்கம் கொண்ட செவிலியர் சிலர், இரவில் எவரும் அறியாமல் குழாயைத் திறந்துவிட்டனராம்! அவர்களைக் குற்றஞ்சாட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில் நம் தாயோ தமக்கையோ இருந்திருந்தால் அவ்வாறே செய்திருப்பர். ஆனால் அன்பினால் திறந்த அந்தக் குழாய் என்ன செய்திருக்கும் என்பதை இன்று நாம் அறிவோம்.

விடை கிடைத்தது, 1953 முதல் 1954 வரை அமெரிக்க மருத்துவமனைகள் 18 ஒன்றுகூடி, குழந்தைகளைக் குலுக்கல் முறையிற் பிரித்து ஒப்பிட்ட பிறகுதான். தாராள உயிர்வளியே கண்ணைப் பறித்தது என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது. கதை அத்துடன் முடியவில்லை. முடிவைக் கேட்டு அஞ்சிய மருத்துவ உலகம் உயிர்வளியைக் கண்மூடித்தனமாகக் குறைத்தது. பார்வை தப்பியது, ஆனால் மூச்சின்றி மாண்ட குழந்தைகளின் எண்ணிக்கை உயர்ந்தது என்று பின்னர்க் கணக்கெடுத்தோர் கண்டனர். இரக்கத்தால் மிகுதியாகக் கொடுத்தும் தவறு. அச்சத்தால் குறைத்தும் தவறு. எவ்வளவு, எவருக்கு, எப்போது என்பதை அளந்து பார்த்தவரே குழந்தையைக் காத்தனர்.

இது பழங்கதை என்பீராயின், அண்மைக் கதையும் உண்டு. மாரடைப்பால் வந்தவர்க்கு மூக்கில் உயிர்வளிக் குழாய் மாட்டுவது ஒரு நூற்றாண்டு வழக்கம். குருதியில் உயிர்வளி போதிய அளவு இருக்கும் நோயாளிகளுக்கு அதனால் பயனுண்டா என்று சுவீடன் நாட்டில் 6,629 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தனர். 2017இல் வந்த விடை: ஓராண்டுக்குள் இறந்தோர் எண்ணிக்கையில் இரு பிரிவுக்கும் வேற்றுமை இல்லை. நூறாண்டுப் பழக்கம் ஒரு சோதனைமுன் நிற்கவில்லை.

இனி, ‘உயிர்வளி புற்றுநோயைக் கொல்லும்’ என்னும் பேச்சு எங்கிருந்து வந்தது? செருமானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க், 1931இல் நோபல் பரிசு பெற்றவர், புற்றணுக்கள் சருக்கரையைப் புளிக்கவைக்கும் வழியிலேயே பெரிதும் ஆற்றல் பெறுகின்றன என்று 1920களிலேயே கண்டார். அவர் கண்டது மெய். உயிர்வளி நிறைந்திருக்கும்போதும் புற்றணுக்கள் அவ்வாறு செய்கின்றன என்பதே அவர் கண்டதன் சிறப்பு. அப்படியிருக்க, ‘உயிர்வளியை ஏற்றினால் புற்றணு சாகும்’ என்று அவர் பெயரால் விற்பது எத்துணைப் பெரிய புரட்டு! அழுத்த அறைகளைப் புற்றுநோய் தீர்ப்பனவாக விளம்பரம் செய்வதை நம்பாதீர் என்று அமெரிக்க உணவு மருந்துத் துறை 2013இல் வெளிப்படையாக எச்சரித்தது.

அழுத்த அறை வீணான பொருள் என்று நான் கூறவில்லை. கடலடியிலிருந்து விரைந்து மேலெழுந்து நோயுறும் முக்குளிப்பவர்க்கு அது உயிர் காக்கும் அறை; நம் லுமுட் படைத்துறை மருத்துவமனையில் அதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. கரிப்புகை நஞ்சு, கதிர்வீச்சால் ஏற்படும் புண், ஆறாத நீரிழிவுப் புண் சில ஆகியவற்றுக்கும் அது பயன்படுகிறது. ஆனால் தூய உயிர்வளி நிறைந்த அறையில் ஒரு பொறி போதும். 2025 சனவரி 31 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், திராய் நகரின் தனியார் நிலையமொன்றில் அத்தகைய அறை தீப்பற்றி 5 வயதுச் சிறுவன் மாண்டான். செவிப்பறையும் நுரையீரலும் அழுத்தத்தால் கேடுறுவதும் உண்டு. ‘இயற்கையானதுதானே, என்ன கெடுதல் வரும்?’ என்போர் இதனை நினைவிற் கொள்க.

என்னோடு பயிற்சிக் கல்லூரியிற் பயின்ற நண்பரொருவர். நல்லாசிரியர், மரபுக்கவிதை எழுதுவார். நிணநீர்ப் புற்றுநோய் என்று அரசு மருத்துவமனையிற் கண்டறிந்து, மருந்தேற்றத்துக்கு நாளும் குறித்துக் கொடுத்தனர். குழுச் செய்தியைக் கண்ட உறவினர், கடைவீட்டு மாடியிலிருந்த ஒரு ‘உயிர்வளி நிலைய’த்துக்கு அவரை அழைத்துச் சென்றனர். ஒருமுறை அமர 300 ரிங்கிட். முப்பது முறை அமர்ந்தார். ஒன்பதாயிரம் ரிங்கிட்டைவிட, அந்த மூன்று மாதங்களே பெரிய விலை. மருத்துவமனைக்குத் திரும்பியபோது நோய் ஒரு படி முன்னேறியிருந்தது. அந்தச் செய்தியை அனுப்பியவர் எவர் என்று தேடி நான் அவரை நாணச் செய்யப் போவதில்லை. ஆனால் அச்செய்தியின் கீழ் ‘நன்றி ஐயா’ என்று எழுதிய முப்பத்தெட்டுப் பெயர்களையும் நான் எண்ணிப் பார்த்தேன்.

இனி இரண்டாவது குரலுக்கு வருவோம். ‘பாதிப் பேருக்கு மறுப்பது அறமா?’

மறுப்பது என்றால், இருப்பது நன்மை என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாத ஒன்றை ‘மறுத்தல்’ எங்ஙனம்? கேன்சஸ் ஆய்வில் 15 பேர்தாம் இருந்தனர்; அவர்களோடு உடன்வைத்து ஒப்பிடக் குலுக்கல் முறையிற் பிரித்த வேறொரு பிரிவு இல்லை. அதன் முதல் நோக்கம் முறை தாங்கக்கூடியதா என்று அறிவதே. ஆகவே அது குறையன்று, முதற்படி. தம் சொந்தக் குருத்தணுக்களையே திரும்பப் பெறும் நோயாளிகளிடமும் இம்முறையை முயன்று 2019இல் வெளியிட்டனர். அங்கேயும் ஒப்பீடு முன்னாளில் மருத்துவம் பெற்றவர்களோடுதான். முன்னாளோரோடு ஒப்பிடுவதில் உள்ள சிக்கலை ஆசிரியர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இவ்வாண்டு ஐந்தாம் வகுப்புக்குப் புதிய வாசிப்பு முறையைக் கொண்டு கற்பித்தோம். சென்ற ஆண்டு மாணவரைவிட இவர்கள் நன்றாக வாசிக்கிறார்கள். உடனே புதிய முறையின் வெற்றி என்று கல்வி இலாகாவுக்கு எழுதிவிடலாமா? இவ்வாண்டுப் பிள்ளைகள் இயல்பிலேயே சூடிகையாய் இருக்கலாம், பாலர் பள்ளிக்குப் போனவர் தொகை கூடியிருக்கலாம், ஆசிரியை மாறியிருக்கலாம். ஐந்து பாரதியையும் ஐந்து கம்பரையும் பெயர்ச்சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒன்றுக்குப் புதிய முறையும் மற்றொன்றுக்குப் பழைய முறையும் வைத்துப் பார்த்தாலன்றி எதுவும் தெளியாது. இதனை நாம் நன்கறிவோம். நோயாளி என்று வந்ததும் மறந்துவிடுகிறோம்.

குலுக்கலில் உயிர்வளி கிடையாத பிரிவினர் வெறுங்கையோடு அனுப்பப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் இன்று உலகம் அறிந்த முழு மருத்துவத்தையும் பெறுகின்றனர். எலியிடம் எவரும் ஒப்புதல் கேட்பதில்லை. நோயாளியிடம் விளக்கிச் சொல்லிக் கையொப்பம் பெற வேண்டும். அவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். 1947இல் நூரம்பர்க் தீர்ப்பும் 1964இல் எல்சிங்கி அறிக்கையும் வகுத்த நெறி அது.

சோதனையைக் கொடுமை என்று ஒதுக்கிவைத்தால் என்ன விளையும் என்பதற்கு, இதே குருத்தணு மருத்துவமே ஒரு கசந்த பாடம் வைத்திருக்கிறது. இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்டதைக் கண்டு, மார்பகப் புற்றுநோய்க்கும் உயிரின் விளிம்புவரை மருந்தைக் கொடுத்துப் பின்னர்த் தம் மச்சையையோ குருத்தணுவையோ திரும்பச் செலுத்தும் முறை 1990களில் அமெரிக்காவில் பரவியது. மிகுந்த மருந்து மிகுந்த நன்மை என்பது கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ‘சாகும் பெண்ணுக்கு மறுப்பதா?’ என்று நாளேடுகள் எழுதின. பணம் தர மறுத்த காப்பீட்டுக் குழுமம் ஒன்று 89 மில்லியன் டாலர் தர வேண்டுமென்று 1993இல் கலிபோர்னிய நடுவர் குழு தீர்ப்பளித்தது. குலுக்கல் முறைச் சோதனையிற் சேர ஆள் கிடைக்கவில்லை. வெளியிலேயே கிடைக்கும்போது எவர் குலுக்கலுக்குச் சம்மதிப்பார்? 30,000க்கும் மேற்பட்ட பெண்கள் அதனைப் பெற்றனர். 1999இல்தான் சோதனை முடிவுகள் வந்தன. வழக்கமான மருந்தைவிட அது ஆயுளைக் கூட்டவில்லை. பெரும்பயன் கண்டதாகக் கூறிய தென்னாப்பிரிக்க மருத்துவர் வெர்னர் பெஸ்வோதாவின் ஆய்வோ, 2000இல் ஏடுகளைத் தணிக்கை செய்தபோது பொய்யெனத் தெரிந்தது. அத்தனை பெண்களும் பட்ட வாந்தியும் புண்ணும், சிலர் அம்மருத்துவத்தாலேயே மாண்டதும், எந்தக் கணக்கில் வரவு வைக்கப்படும்? அவர்கள் அனைவரும் சோதனைக்கு உட்பட்டவர்களே, கணக்கெடுக்காத சோதனைக்கு. ‘எலி’ என்னும் சொல் பொருந்துமாயின் அங்கேயன்றோ பொருந்தும்!

மாறாக, முறைப்படி சோதித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. அதுவும் நாம் பேசிக்கொண்டிருக்கும் கொடிக்குருதியிலேயே. குருத்தணுக்கள் போதாமையை நீக்க, அவற்றை வெளியே ஒரு வகை வைட்டமின் கரைசலில் பெருக்கி, ‘ஓமிடுபிசெல்’ என்று பெயரிட்டு, 125 நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்டனர். வழக்கமான கொடிக்குருதி பெற்றவர்க்கு வெள்ளணு மீள இடைநிலைக் கணக்கில் 22 நாள். புதியது பெற்றவர்க்கு 12 நாள். கிருமித்தொற்றும் குறைந்தது. 2021இல் முடிவு வெளிவர, 2023 ஏப்பிரலில் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. பத்து நாள்! காவற்படை இல்லாத உடலுக்குப் பத்து நாள் என்றால் என்ன என்று அத்தகைய வார்டின் வாசலில் நின்றவர் அறிவர். அழுத்த அறை உயிர்வளியும் அந்தத் தகுதியைப் பெறலாம், பெறாமலும் போகலாம். ஆய்வு நடத்தியவர் பின்னர் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குச் சென்று அவ்வழியிலேயே தொடர்ந்தார். நாளை பயனில்லை என்று தெரிந்தாலும் அந்த ஆய்வு தோற்றதாகாது. அழுத்த அறையில் வீணே அடைபடுவதினின்று பின்வரும் நோயாளிகளை அது காத்திருக்கும்.

‘சோதனை’ என்னும் நம் சொல்லே இந்த வெறுப்பை வளர்க்கிறதோ என்று சில வேளை எனக்குத் தோன்றுவதுண்டு. ‘ஆண்டவன் சோதிக்கிறான்’, ‘எனக்கு ஏன் இந்தச் சோதனை’ என்று துன்பத்துக்கும் அதே சொல், ஆய்வுக்கும் அதே சொல், மாணவர்க்கு மாதந்தோறும் வைக்கும் தேர்வுக்கும் அதே சொல். பொன்னை உரைகல்லில் உரசுவதை எவரும் பொன்னுக்குச் செய்யும் கொடுமை என்பதில்லை. திருவள்ளுவர் ‘மருந்து’ என்றோர் அதிகாரமே வகுத்து, மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கும்போது நோயுற்றவனை முதலில் வைத்தார். மருத்துவன் அவனுக்குப் பின், மருந்து அதற்கும் பின். நோயாளியை முதலில் வைப்பது என்பது, தெரியாததைத் தெரியும் என்று அவரிடம் பொய் சொல்லாமையிலிருந்து தொடங்குகிறது.

நம் கடமைக்கு வருகிறேன். எப்பொருளை எவர் வாய்க் கேட்டாலும் மெய்ப்பொருள் காணச் சொன்ன குறளை ஆண்டுதோறும் மனனம் செய்விக்கிறோம். பிழையின்றி ஒப்புவித்த பிள்ளைக்குப் பரிசும் கொடுக்கிறோம். அறிவியல் அறையில் இரண்டு கிண்ணங்களில் பச்சைப்பயற்றை ஊறவைத்து, ஒன்றை ஒளியிலும் மற்றொன்றை அலமாரியிலும் வைத்து, தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எது என்று பதினொரு வயதுப் பிள்ளையைக் கேட்டு மடக்குகிறோம். இரண்டாவது கிண்ணம் இல்லையென்றால் மதிப்பெண் இல்லை என்கிறோம். அதே ஆசிரியர் மாலையில் இரண்டாவது கிண்ணமே இல்லாத செய்தியை முந்நூறு பேருக்கு அனுப்புகிறார். அந்த முந்நூறு பேரும் ஏன் நம்புகிறார்கள்? ‘வாத்தியார் அனுப்பினார்’ என்பதால். தோட்டத்து மக்கள் மூன்று தலைமுறையாக நமக்குக் கொடுத்துவைத்திருக்கும் நம்பிக்கை அது. அதனைச் செலவழிக்க நமக்கு உரிமையில்லை.

ஆகவே, குழுக்களை நடத்தும் ஆசிரியர்களை நான் கேட்பது இதுதான். புற்றுநோய்க்கு இன்னது மருந்து என்று எவரேனும் அனுப்பினால், எத்தனை நோயாளிகளிடம் பார்த்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள், முடிவு எந்த ஆய்விதழில் எந்த ஆண்டு வந்தது என்பவற்றை அவரையே உடன் எழுதச் சொல்லுங்கள். எழுத இயலாவிடில் செய்தியை நீக்குங்கள். அனுப்பியவர் தலைமையாசிரியராயினும் தயங்க வேண்டா. ஆறாம் ஆண்டு அறிவியல் கற்பிப்போர், பயற்றுக் கிண்ணப் பாடம் முடிந்த மறுநாள், அத்தகைய செய்தியொன்றைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, இதில் கட்டுப்படுத்தப்பட்ட மாறி எங்கே என்று மாணவரைக் கேட்டுப் பாருங்கள். என் பள்ளியிற் சென்ற தவணையில் கேட்டோம். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்து, ‘ஐயா, இதிலே ரெண்டாவது கிண்ணமே இல்லையே’ என்றாள்.